பதினாறாம் நாள் சாப்பாடு

“ஒத்தக் கையெழுத்துக்கு இன்னும் என்ன மேடம் யோசிக்கிய?”

காசிலிங்கத்தின் குரல் ஏறியது. தூத்துக்குடி துறைமுகச் சாலையில் அவர் அப்பா விட்டுப்போன நிலத்தில் குடோன் கட்ட பேங்க் கடன் தருகிறது. ஆனால் நிலத்தில் வில்லங்கம் இல்லை என்று பேங்க் வக்கீல் ஐஸ்வர்யா எழுதித் தர வேண்டும். இன்று தராவிட்டால், குடோனை வாடகைக்கு எடுக்கவிருந்த கப்பல் கம்பெனி வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும்.

“உங்க தங்கச்சி சீனித்தாய் விஷயம்தான் இடிக்குது. அவங்க உயிரோட இருந்தா நிலத்துல பாதி அவங்களுக்கு.”

“அவதான் எப்பவோ செத்துட்டாளே!”

“இறப்புச் சான்றிதழ்?”

“அந்தக் காலத்துல அதெல்லாம் யாரு வாங்குனா? அதான் சாட்சி கூட்டியாந்துருக்கேன். வே தளவாய், சொல்லும்!”

பக்கத்து நாற்காலியில் ஒடுங்கியிருந்த தளவாய் தொண்டையைச் செருமினார். “சாத்தான்குளத்துல ஊரறிய பதினாறாம் நாள் காரியம் நடந்துச்சு மேடம். நானே பந்தியில இருந்தேன். வடை, பாயசம் எல்லாம் உண்டு.”

சாவை மறந்தாலும் சாப்பாட்டை மறக்காத ஆள்.

“எப்படி இறந்தாங்க?”

“காய்ச்சல்” என்றார் காசிலிங்கம்.

“எந்தச் சுடுகாடு?”

தளவாய் சட்டென்று காசிலிங்கத்தைப் பார்த்தார். காசிலிங்கம் ஜன்னலைப் பார்த்தார். ஏசி அறையிலும் அவருக்கு வேர்த்தது.

“செத்தவள எதுக்குத் தோண்டுதிய? சாப்பாட்டு நேரம் ஆயிட்டு. சாப்பிட்டுட்டு நிதானமா போடுங்க, காத்திருக்கோம்.” மேஜை மேலிருந்த டிபன் பாக்ஸை அவரே அவள் பக்கம் நகர்த்தினார்.

ஐஸ்வர்யா ஃபைலை மூடினாள்.

“இதுல நான் கையெழுத்துப் போடக் கூடாது. வேற வக்கீலுக்கு மாத்தச் சொல்லி நேத்தே பேங்க்ல சொல்லிட்டேன்.”

“அப்ப எங்களை எதுக்கு வரச் சொன்னிய?”

“விரும்புனவரோட போன பொண்ணுக்கு உயிரோடயே காரியம் பண்ணிட்டு, செத்துட்டாள்னு சாதிக்கிறதை உங்க வாயாலயே கேக்கணும்னு இருந்துச்சு.”

காசிலிங்கத்தின் முகம் வெளுத்தது. “இதெல்லாம்... உங்களுக்கு யாரு சொன்னா?”

அவள் டிபன் பாக்ஸைத் திறந்தாள். சிறுகிழங்குப் பொரியல் மணத்தது.

“காலையில இதைக் கட்டிக் கொடுத்த சீனித்தாய்தான். ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க, மாமா.”