வெள்ளிக்கிழமை நடுக்கம்

எஹலியகொடப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் நில அதிர்வுக் கருவி வைத்திருந்த அறையைத் திறந்துவிட்டாள், அதற்குக் காவல் இருக்கும் விஜயகலா. கொழும்பிலிருந்து விடியற்காலையிலேயே ஜீப்பில் வந்திறங்கிய அதிகாரி ஹில்மி, கருவியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"அஞ்சு வாரமா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சரியா காலை ஆறரைக்கு இங்க நிலம் நடுங்குது. இந்தப் பதிவு வெளிநாட்டுக்கெல்லாம் போகுது. பூமிக்கு எப்படிக் கிழமை தெரியும்னு அங்க இருந்து கேக்குறாங்க."

"எங்களுக்கும் அதிசயமாத்தான் இருக்குங்க சேர்."

"பக்கத்துல எங்கயாவது கல்லுக்கு வெடி வைக்கிறாங்களா?"

"இல்லீங்க சேர்."

மணி ஆறரை ஆனது. வெளியே கங்காணியின் விசில் கேட்டது. வேலைக்குப் பேர் பதியும் காலைப் பெரட்டுக்கு வரிசையில் நின்ற எண்பது தொழிலாளர்களும் ஒரே நேரத்தில் குதித்தார்கள். திரையில் கோடு எகிறியது.

ஹில்மி வாசலுக்கு ஓடினார். "என்ன பைத்தியக்காரத்தனம் இது? எதுக்குக் குதிக்கிறீங்க?"

விஜயகலா, தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்கு மேலே இருந்த மலையைக் காட்டினாள். அதில் ஓர் ஆள் இறங்கும் அகலத்துக்கு வெடிப்பு ஓடியிருந்தது.

"மண்ணு சரியப்போகுதுன்னு மூணு வருஷமா கடுதாசி போட்டோம். ஒருத்தரும் எட்டிப் பாக்கல. குதிச்சோம், அஞ்சே வாரத்துல நீங்க வந்துட்டீங்க."

ஹில்மி சங்கடத்தோடு தொண்டையைச் செருமினார். "நாங்க நிலநடுக்கம் மட்டும்தான்மா. மண்சரிவுக்கு வேற டிபார்ட்மென்ட்."

"அப்ப அவங்க மெஷின் எங்கங்க சேர் இருக்கு? வர்ற வெள்ளிக்கிழமை அங்க போய்க் குதிக்கிறோம்."