சுவிட்ச் திறந்திருந்தால்

மறுபடியும் 0.2 ஆம்பியர் என்றே எழுதியிருந்தாள்.

ஃபோர்மேன் பென்சிலை மேசைமேல் போட்டார். அது உருண்டுபோய்க் கீழே விழுந்தது. குனிந்து எடுக்கக்கூட அவருக்கு மனமில்லை.

இது ஐந்தாவது தடவை. அதே கணக்கு, அதே தப்பு.

கணக்கு ஒன்றும் மலையைப் புரட்டுகிற வேலை இல்லை. இரும்பு ஏணியில் நிற்கும் ஒருவர் மின்கம்பியைத் தொடுகிறார். மின்னழுத்தம் 230 வோல்ட். அவர் உடம்பின் மின்தடை 1150 ஓம். சுவிட்ச் மூடியிருந்தால் அவர் உடம்பில் எவ்வளவு மின்னோட்டம் பாயும் என்பது முதல் கேள்வி. 230-ஐ 1150-ஆல் வகுத்தால் 0.2. அதைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடுவாள்.

சுவிட்ச் திறந்திருந்தால்?

இதற்கு வகுத்தல்கூட வேண்டாம். கதவு திறந்திருந்தால் ஆள் வரலாம், சுவிட்ச் திறந்திருந்தால் மின்சாரம் வராது, அவ்வளவுதான் விஷயம் என்று முதல் நாளே சொல்லிக்கொடுத்திருந்தார். விடை பூஜ்ஜியம்.

அதற்கும் 0.2 என்று எழுதிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மண்டு என்று தள்ளிவிடவும் முடியவில்லை. ஆறு ஓம், மூன்று ஓம் மின்தடைகளைப் பக்க இணைப்பில் போட்டால் மொத்தம் ஒன்பது இல்லை, இரண்டுதான் என்பது அவரிடம் இருபது வருஷமாக வேலை பார்ப்பவர்கள் மண்டையிலேயே இன்னும் ஏறவில்லை. இவளுக்கு ஒரே மாலையில் பிடிபட்டது. இங்கே வந்தால் மட்டும் வண்டி மக்கர் பண்ணுகிறது.

தேர்வுக்கு ஒன்பதே நாள். முப்பதுக்குப் பதினைந்து வாங்கினால் மின்சார அலுவலகத்தில் வேலை. சொல்லிக்கொடுங்கள் என்று அவரை யாரும் கேட்கவில்லை. மூன்று வாரமாக அவராகத்தான் அவள் வீட்டுக்கு வருகிறார், வேலை முடிந்த கையோடு, சட்டைகூட மாற்றாமல்.

எழுந்துபோய்ச் சுவரிலிருந்த சுவிட்சை அணைத்தார். போட்டார். மறுபடி அணைத்தார். இப்போது விளக்கு எரிகிறதா என்று கேட்டார். எரியவில்லை என்றாள். விளக்கைத் திரும்பப் போட்டுவிட்டு, அப்புறம் எங்கிருந்து வந்தது 0.2 என்று கேட்டார்.

“விளக்குக் கணக்கு சரிதாண்ணே. ஆள் கணக்குதான் எனக்கு இடிக்குது.”

விளக்கானால் என்ன, ஆளானால் என்ன, மின்சாரத்துக்கு எல்லாம் ஒன்றுதான் என்றார். தன் குரல் ஏறுவது அவருக்கே கேட்டது. சுவிட்ச் திறந்திருந்தால் அந்த ஆளுக்கு ஒன்றும் ஆகாது, ஒரு கீறல்கூட விழாது என்று மேசையைத் தட்டித் தட்டிச் சொன்னார்.

அவள் தலையாட்டினாள்.

“அன்னைக்கு சுவிட்ச் திறந்துதான் இருந்துச்சுன்னு விசாரணையில எழுதிக் குடுத்திருக்கீங்க. கால் தவறி விழுந்துட்டாருன்னும் எழுதியிருக்கீங்க.”

நான்கு மாதத்துக்கு முன் ஏணியிலிருந்து விழுந்து செத்துப்போன லைன்மேன் அவள் கணவன். தேர்வில் தேறினால் அவளுக்குக் கிடைக்கப்போவது அவன் பார்த்த வேலைதான்.

“ஆஸ்பத்திரியில அவர் கையை நான் பிரிச்சுப் பார்த்தேண்ணே. உள்ளங்கை கரிஞ்சிருந்துச்சு.”

ஃபோர்மேன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அன்று தெருமுனை சுவிட்ச் பெட்டி இருநூறு அடி தள்ளி இருந்தது. நல்ல வெயில். அணைத்தாயிற்று, ஏறு என்று கீழே நின்றபடியே குரல் கொடுத்திருந்தார். அவனும் ஏறிவிட்டான். யாரோ ஒருவன் காலையிலேயே அணைத்திருப்பான் என்று அவர் நினைத்தார். நினைத்ததாகத்தான் இத்தனை நாளும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்று வாரமாக அவள் அந்த ஒரு கணக்கை மட்டும் ஏன் திரும்பத் திரும்ப அவர் முன்னால் வைத்தாள் என்பது இப்போது புரிந்தது.

“நான் பெட்டிகிட்டயே போகலைம்மா,” என்றார்.

அவள் அழவில்லை. ரப்பரை எடுத்து இரண்டாவது 0.2-ஐ அழித்தாள். அந்த இடத்தில் பூஜ்ஜியம் என்று எழுத்தால் எழுதினாள். பிறகு நோட்டில் எழுதாத ஒரு பக்கத்தைத் திருப்பி, பேனாவோடு அவர் பக்கம் நகர்த்தினாள்.

அவர் பேனாவை எடுத்தார்.

முதல் வரியில் தன் பெயரை எழுதினார். அடுத்த வரியில் பதவியை எழுதினார்.