பதினெட்டு ஜோடி மேற்கோள் குறி

"இன்னா எழுத்தாளரம்மா, இதுல யாரு பேசறது, யாரு பதில் சொல்றதுன்னு ஒரு எழவும் புரியலயே!"

கையெழுத்துத் தாளை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு கேட்டார் அருள்பிரகாசம். கல்மண்டபம் பக்கத்து அச்சகம் ஒன்றில் பதினைந்து வருஷமாக ஈய எழுத்துகளைப் பொறுக்கிக் கோக்கிற கம்பாசிட்டர் அவர்.

எதிரே முக்காலியில் ஃப்ளோரன்ஸ் உட்கார்ந்திருந்தாள். மாதா கோயில் பாட்டுக்குழுவில் பாடுகிறவள். அறுபத்தெட்டாம் வருஷத் திருவிழா மலருக்கு அவள் எழுதிய கதை அது. அவளுடைய முதல் கதை. நாளை கொடியேற்றம் என்பதால் மலர் இன்றைக்கே அச்சேறியாக வேண்டும்.

"படிக்கிறவங்களுக்குப் புரியும், கம்பாசிட்டரே. புரியாத மாதிரி நடிக்கிறவங்களுக்கு நான் இன்னா பண்றது?"

"புருசன் பேசறான், பொண்டாட்டி பேசறா, நடுவுல அவளோட அம்மா வேற பூந்து பேசறாங்க. எல்லாத்தையும் ஒரே மூட்டையா கட்டி வெச்சிருக்கீங்க. ஆள் மாறினா வரி மாறணும். பேச்சு ஆரம்பிக்கிற எடத்துல ஒரு குறி, முடியிற எடத்துல ஒரு குறி போடணும்."

"போடுங்க. குறியெல்லாம் உங்ககிட்டதானே கீது?"

"அதான் பேஜாரு." அருள்பிரகாசம் எழுத்துப் பெட்டியின் ஓர் அறையைத் தட்டிக் காட்டினார். "பதினெட்டு ஜோடிதான் கீது. மிச்சமெல்லாம் அந்த நாடகப் புஸ்தகத்துல மாட்டிக்கினு கீது. அது அச்சாகி எழுத்தைக் கலைச்சாதான் திரும்பி வரும். உங்க கதைக்கு இருபத்தி மூணு ஜோடி வேணும். அஞ்சு பேச்ச எடுங்க."

"சீக்கிரம் ஆவட்டும்பா!" என்று மெஷின் பக்கமிருந்து குரல் கொடுத்தார் அச்சக முதலாளி யேசுதாஸ். அப்போதுதான் மதியச் சாப்பாட்டை முடித்திருந்தார். வயிறு நிறைந்தவர் குரல் மாதிரி அது இல்லை.

இரண்டு பேரும் தாள்மேல் குனிந்தார்கள்.

"இந்த மாமியாக்காரி மூணு வாட்டி பேசறாங்க. ஒரு வாட்டிகூடத் தேவையில்ல" என்று ஆசை ஆசையாகப் பென்சிலை எடுத்தார் அருள்பிரகாசம்.

"சரி, எடுங்க. கதையிலயாவது அவங்கள யாராச்சும் பேசவிடுவாங்கன்னு பாத்தேன்."

மூன்று பேச்சு போயிற்று.

"இங்க புருசன் 'ம்'ங்கறான். ஒரு 'ம்'முக்கு ஒரு ஜோடி குறியா?"

"அது இருக்கட்டும். அந்த ஆளு வூட்ல பேசறதே அது ஒண்ணுதான். அதையும் எடுத்துட்டா, வூட்ல ஆம்பளயே இல்லன்னு நெனச்சுக்குவாங்க."

அருள்பிரகாசம் ஒரு முறை தொண்டையைச் செருமிக்கொண்டார். பென்சில் அடுத்த பக்கத்துக்குப் போயிற்று. எண்ணூரில் ஒரு ஞானஸ்நான விருந்து. எல்லோரும் பாடச் சொல்லிக் கேட்க, மனைவி எழுந்து நிற்கிறாள். கணவன் சொல்கிறான்: 'இவ பாடறதா? ஹார்பர்ல கப்பல் சங்கு ஊதற மாதிரி இருக்கும்.'

"இத எடுத்துடலாம். சும்மா தமாஷு. இது இல்லாமலே கதை ஓடும்."

"அது இல்லன்னா கதையே இல்ல. அந்த ஒரு பேச்சுலதானே அவ பேச்சையே நிறுத்தினா!"

"ஒரு தமாஷுக்குப் போயா?"

"நாப்பது பேரு சிரிச்சாங்க. அவ பாடாம உக்காந்துட்டா." ஃப்ளோரன்ஸ் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அதுக்குப் பதிலா அந்தப் பொண்ணு பேசறதுல ஒண்ண எடுங்க. விட்டுக்குடுக்கிறது அவளுக்கு ஒண்ணும் புதுசு இல்ல."

நான்கு போயிற்று. இன்னும் ஒன்று பாக்கி. பென்சில் கதையின் கடைசி வரியில் வந்து நின்றது. கணவன் மனைவியிடம் சொல்கிற வரி: 'தப்பு என்னோடதுதான்.'

"இத மட்டும் குறியில்லாம போட்டுடறேன். 'அவன் வருத்தம் தெரிவித்தான்.' சுருக்கமா, அழகா கீது."

ஃப்ளோரன்ஸ் எழுந்துவிட்டாள்.

"வருத்தம் தெரிவித்தான்னா அது ஆபீஸ் கடுதாசி! அவன் வாயத் தொறந்து சொல்லணும், அது அவ காதுல விழணும். அதுக்காகத்தான் இந்தக் கதையையே எழுதினேன். அந்தப் பேச்சு இல்லன்னா தாளைக் குடுங்க, வூட்டுக்கு எடுத்துக்கினு போறேன். மலரும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. முதல் கதையல்லவா, விட்டுவிட்டுப் போக மனசும் வரவில்லை.

அருள்பிரகாசம் எழுத்துப் பெட்டிக்குள் விரலை விட்டு எதையோ தேடுவதுபோல் துழாவினார். பிறகு தலையை நிமிர்த்தாமலே சொன்னார்:

"தப்பு என்னோடதுதான்."

"இன்னா?"

"தப்பு என்னோடதுதான். அத்தினி பேருக்கு முன்னால அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

ஃப்ளோரன்ஸ் அவர் கையிலிருந்து பென்சிலை வாங்கி, கடைசி வரியைத் தானே அடித்தாள்.

"இப்ப பதினெட்டு ஆச்சா?"

"ஆச்சு. ஆனா கதை முடியலயே?"

"முடிஞ்சிடுச்சு" என்றாள் அவள்.

மெஷினை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார் யேசுதாஸ்.

"அப்பாடா! பதினோரு நாளா மூஞ்சத் திருப்பிக்கினு இருந்த புருசனும் பொண்டாட்டியும் ஒரு வழியா பேசிட்டீங்க. ஏம்மா ஃப்ளோரன்ஸ், நாளையிலேர்ந்தாவது இவனுக்கு வூட்லேர்ந்து சோறு கட்டிக் குடுத்தனுப்பு. தெனமும் என் சாப்பாட்டுல பாதிய இவன்தான் துண்றான்!"