பக்கத்து சீட்டுக்குத் தெரியாமல்

“சுவிட்ச்சு பக்கத்து சீட்ல உக்கார்றவரு கண்ணுல படக் கூடாதுண்ணா. ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிச்சுக் குடுங்க” என்றான் ஆண்டோ.

திண்டிவனத்துக் கார் எலக்ட்ரீஷியன் பத்மராஜுக்குப் புரிந்துவிட்டது. டர்போ காருக்கு பூஸ்ட் கன்ட்ரோலர் மாட்டச் சொல்லி வருகிறவர்கள் எல்லோரும் பைபாஸில் பந்தயம் விடுகிறவர்கள்தாம்.

“சுவிட்ச்ச மேல தட்டினா டர்போ காத்து ஏறும், வண்டி பறக்கும். கீழ தட்டினா கம்பெனி அளவு. போதுமா சார்?”

“மேல கம்பெனி அளவே இருக்கட்டும். கீழ தட்டினா அதுக்கும் கொறையணும்.”

பத்மராஜ் கையிலிருந்த ஒயரைக் கீழே வைத்தார். “கொறைக்கவா? இத்தினி வருசத்துல ஒருத்தரும் இப்படிக் கேட்டதில்ல. டர்போவோட ஸ்பிரிங்கையே மாத்தணும். அப்புறம் எவ்ளோ மிதிச்சாலும் வண்டி முக்கிக்கினுதான் போவும்.”

“அதான் வேணும்.”

வேலை முடியும்வரை ஆண்டோ ஸ்டூலைவிட்டு அசையவில்லை. பத்மராஜ் வாங்கிக் கொடுத்த டீ ஆறி ஆடை படிந்திருந்தது.

சனிக்கிழமை சுவிட்ச்சைக் கீழே தட்டிவிட்டு ஓட்டிப் பார்த்தார்கள். மல்லாட்டை மூட்டை ஏற்றிய லாரிகூட ஹாரன் அடித்து முந்திப் போனது.

“அரை மணி நேரத்துல போற விழுப்புரத்துக்கு இதுல ஒரு மணி நேரம் ஆவும் சார். மெதுவா போவணும்னா மெதுவா ஓட்டினா போதாதா? எதுக்கு இந்த பேஜாரு?”

ஆண்டோ ரோட்டைப் பார்த்தபடியே சொன்னான். “எம்பொண்ண ஞாயித்துக்கிழமை மட்டும் பாத்துக்கச் சொல்லி கோர்ட்ல உத்தரவுண்ணா. சாயந்திரம் விழுப்புரத்துல அவங்கம்மாகிட்ட கொண்டுபோயி விடணும். அவங்கம்மாவோட அண்ணன், என் மச்சான், பக்கத்துலயே உக்காந்துக்கினு, கொஞ்சம் மெதுவா போனாலும் ‘மிதி, மிதி’ன்றாரு.”

சுவிட்ச்சைத் தொட்டுப் பார்த்து, “நாளைக்கு நல்லா மிதிக்கிறேன்” என்றான்.