ஒழுங்கான மூலை

"அந்தக் கதிரையை இன்னும் கொஞ்சம் இஞ்சாலை தள்ளு பிள்ளை. வாளி தெரியுது."

தக்சாயினி கதிரையைக் காலால் ஒரு தள்ளுத் தள்ளினாள். அது மாமி சொன்ன இடத்திலேயே போய் நின்றது. அதுவும் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

ஞாயிறு பின்னேரம் வந்தால் பாலேஸ்வரி மாமிக்குக் கைகால் ஓடாது. பிரான்சிலிருந்து மகன் ஜெயதீபன் வீடியோவில் கதைக்கிற நேரம். ஹோலின் ஒரு மூலையை மட்டும் கூட்டித் துடைத்து, மேசைக்குப் பூப்போட்ட சீலை விரித்து, தானும் முழுகி உடுத்திக்கொண்டு வந்து இருப்பார்.

மற்ற மூலைகளைக் கேட்கவே வேண்டாம். கொட்டில் மழையில் விழுந்ததிலிருந்து தோட்டத்து வெங்காயம் முழுக்க வீட்டுக்குள்தான். கூரை வெடித்த இடத்தில் தறப்பாள். அதையும் தாண்டி ஒழுகுகிற தண்ணிக்கு வாளி, சட்டி, பழைய பால்மாப் பேணி. அறை நனைந்துபோனதால் கட்டில்களும் ஹோலுக்கு வந்துவிட்டன.

சுன்னாகம் சந்தையில் ஆராவது வீட்டைப் பற்றிக் கேட்டாலும் மாமியிடம் ஒரே மறுமொழிதான். "ஒழுங்கா இருக்கு."

"ஆருக்கு மாமி இந்த நாடகம்?" இன்றைக்குத் தக்சாயினி கேட்டேவிட்டாள்.

"நாடகமோ? வீடெண்டால் ஒரு ஒழுங்கு வேணும்."

"புருசன் ஒரு நாட்டிலை, பெண்சாதி ஒரு நாட்டிலை. இது என்ன ஒழுங்கு?"

மாமி மேசைச் சீலையின் சுருக்கத்தைக் கையால் நீவிவிட்டார்.

கலியாணம் முடித்து ஜெயதீபன் அவளோடு ஆறு மாசம்தான் இருந்தான். போய் நாலு வருசம். அங்கே தங்க அனுமதி கேட்ட வழக்கு இன்னும் இழுபடுகிறது. எப்போது கேட்டாலும், "எல்லாம் ஒழுங்காகும் தக்சி" என்பான். இந்த வீடு கிடக்கிற கிடையை ஒருக்கா முழுதாகப் பார்த்தானென்றால், "வாறன்" என்று சொல்லிவிட மாட்டானா? அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவள் ஏங்கிக்கொண்டிருந்தாள்.

போன் அடித்தது.

மழித்த முகம். அயன் பண்ணின சேட். பின்னால் மடிப்புக் கலையாத நீலத் திரைச்சீலை.

"பாத்தியே, என்ரை பிள்ளையின்ரை அறையை! என்ன துப்பரவு!" என்றார் மாமி.

"அம்மா, அங்கை சரியான மழையாம். வீடு ஒழுகுதோ? ஒளிக்காமல் சொல்லுங்கோ, நான் இரவிலையும் ஒரு வேலை பிடிக்கலாம்."

"ஒரு சொட்டும் இல்லை ராசா. நீ நேரத்துக்குச் சாப்பிட்டுப் படு."

தக்சாயினிக்கு அதற்குமேல் தாங்கவில்லை. போனைப் பறித்துக்கொண்டு எழும்பினாள்.

"இஞ்சேருங்கோ, இண்டைக்கு உங்களுக்கு முழு வீட்டையும் காட்டப்போறன்!"

"வேண்டாம் பிள்ளை! ஐயோ, வேண்டாம்!" மாமி முழங்கால் நோவோடு ஓடிவந்து, போனுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து மறித்தார்.

தக்சாயினி கமராவைத் திருப்ப விரலை வைத்தாள்.

அந்த நேரம் பார்த்து அங்கே, அவன் அறைக் கதவை ஆரோ படாரென்று திறந்தார்கள். நீலச் சீலை ஒருக்கா எழும்பி, கட்டியிருந்த கயிறோடு கீழே விழுந்தது.

பின்னால் ஒன்றுக்குமேல் ஒன்றாகக் கட்டில்கள். நிலத்திலும் ஆட்கள் முடங்கிப் படுத்திருந்தார்கள். குறுக்கே கொடிகட்டி ஈர உடுப்பு. கட்டிலுக்குக் கீழே சட்டி, பானை, அரிசிச் சாக்கு.

ஜெயதீபன் பதறிப்போய்ப் போனைச் சுவர்ப் பக்கம் திருப்பினான். பிறகு முகம் மட்டும் தெரிந்தது. கண் அவளைப் பார்க்கவில்லை.

"ஏதோ... காட்டப்போறன் எண்டீர்?"

அவள் விரலை எடுத்தாள். திரும்பிவந்து அந்த மூலையிலேயே இருந்தாள்.

"ஒண்டுமில்லையப்பா. மேசைக்குப் புதுச் சீலை விரிச்சிருக்கிறம். அதைத்தான்."

"வடிவா இருக்கு. வீட்டை நல்ல ஒழுங்கா வைச்சிருக்கிறீர்."

"ஓம்."

"சரி தக்சி, வேலைக்கு நேரமாகுது. அப்ப வாறன்."

நாலு வருசமாய் அவள் காத்திருந்த சொல்லைப் போனை வைக்கிறதுக்காகச் சொல்லிவிட்டு அவன் போய்விட்டான்.

தக்சாயினி முகத்தைத் துடைத்தாள். போனின் முதுகுப் பக்கம் நின்ற மாமிக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. தெரியவும் கூடாது.

"அவர் நல்ல ஒழுங்கா இருக்கிறார் மாமி," என்றாள்.

மாமி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்த நீலச் சீலை விழுந்திட்டுதோ?"

தக்சாயினி திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

"பொங்கலண்டு நீ கொம்மா வீட்டை போயிருக்கேக்கையும் ஒருக்கா விழுந்தது," என்றார் மாமி. "அண்டைக்குத்தான் பிள்ளை, நான் இந்த மூலையை ஒழுங்காக்கத் துவங்கினனான்."