கேள்வித்தாள் ஏறிய பஸ்

"இந்தப் பொண்ணு இந்த பஸ்ஸுல வரக்கூடாது. வண்டிய நிறுத்துப்பா."

முன் சீட்டில் உட்கார்ந்திருந்த வாத்தியார் பஞ்சாட்சரம் இப்படிச் சொன்னதும் கெங்கம்மாள் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவர் மடியில் அரக்கு முத்திரை வைத்த காக்கிப் பை ஒன்று. அதைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துப் பிடித்திருந்தார்.

வாயை வைத்துக்கொண்டு அவள் சும்மா இருந்திருக்கலாம். நெல்லிவாசல் பக்கத்துக் குடிசையிலிருந்து மகள் செல்லம்மாவோடு இருட்டில் கிளம்பி, மலைப்பாதை வளைவில் பஸ்ஸைப் பிடித்தவள், புளிக்கூடையை இறக்கி வைத்த கையோடு ஊருக்கே சொல்லிவிட்டாள். ஊர் என்ன ஊர், அன்றைக்கு பஸ்ஸில் பாதி சீட் காலி.

"எம் பொண்ணு எட்டாவது பெரிய பரீட்சை எழுதப் போவுது! எங்க பக்கத்துல இவதான் மொத ஆளு!"

அதைக் கேட்டுத்தான் வாத்தியார் திரும்பிப் பார்த்தார்.

"இன்னா சார், ரெண்டு பேருக்கும் டிக்கெட் வாங்கிட்டாங்களே?" என்றார் கண்டக்டர்.

"டிக்கெட் இல்லப்பா விஷயம். இந்தப் பையில இருக்கிறது இன்னிக்குப் பரீட்சைக் கேள்வித்தாள். அடிவாரத்துப் போலீஸ் ஸ்டேஷன்ல கையெழுத்துப் போட்டு வாங்கிட்டு வர்றேன். ஜீப்பு ரிப்பேருன்னு என்னை பஸ்ஸுல அனுப்பிட்டாங்க. கேள்வித்தாள் வர்ற வண்டியில பரீட்சை எழுதற யாரும் வரக்கூடாது. அது ரூல்."

பின் சீட்டில் கோழிக்கூடையோடு இருந்த பெரியவருக்குப் பொறுக்கவில்லை.

"அந்தப் பச்சப்புள்ள இன்னா, ஒம் பைய கிழிச்சுப் பாக்கப் போவுதா?"

"பாக்காது பெரியவரே. எனக்குத் தெரியாதா? ஆனா ஒரே வண்டியில வந்தாங்கன்னு ஆபீசுக்குத் தெரிஞ்சா, இந்தப் பொண்ணு எழுதுற பேப்பரே செல்லாதுன்னுடுவாங்க. இனிமே ஒரு வளைவு கூட வந்தாலும் வந்ததுதான்."

கெங்கம்மாள் பதறிப்போனாள். பரீட்சை நடக்கும் ஜமுனாமரத்தூருக்கு அடுத்த பஸ் சாயங்காலம்தான். ஏற்றத்தில் நடந்து போய்ச் சேர்வதற்குள் பரீட்சை பாதி முடிந்திருக்கும். மணி அடித்த பிறகு உள்ளே விடமாட்டார்கள். இது போனால் வருகிற சித்திரையில் செல்லம்மாவுக்குக் கல்யாணம் என்று புருஷன் சடையன் மாப்பிள்ளையையே பார்த்து வைத்திருந்தான்.

"சாமி, ஒங்க காலைப் புடிக்கிறேன். ஒரு வருசமா வெளக்கு வெச்சிக்கினு படிச்சிருக்குது சாமி."

"காலைப் புடிச்சா ரூல் மாறிடுமாம்மா?"

செல்லம்மா பென்சில் டப்பாவைப் பார்த்தபடி சத்தமில்லாமல் அழுதாள். அதைப் பார்த்ததும் கெங்கம்மாளுக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது.

"நீயும் புள்ள பெத்தவந்தானே? ஏழைப் பொண்ணு வவுத்தெரிச்சலக் கொட்டிக்கிறியே, நீ வெளங்குவியா?"

பஸ்ஸே அவள் பக்கம் நின்றது. "படிச்சவனுக்கு ஈவு இரக்கம் ஏது?" என்று யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். வாத்தியார் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"விசில் அடிப்பா."

கண்டக்டர் வேண்டா வெறுப்பாக விசில் ஊதினார். பஸ் நின்றது. கெங்கம்மாள் மூக்கைச் சிந்திக்கொண்டே ஒரு கையில் புளிக்கூடையையும் மறு கையில் மகளையும் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"நீ எங்கம்மா எழுந்துக்கிற? குந்து" என்றார் பஞ்சாட்சரம். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியில் இறங்கினார்.

"சார்! சார்! பத்து மணிக்குப் பரீட்சை சார்!" என்று கத்தினார் கண்டக்டர்.

"கேள்வித்தாள் எங்கிட்டதானே இருக்குது? நான் போவாம யாரு பரீட்சை நடத்துவாங்க? நீ கெளம்பு."

பஸ் கிளம்பியது. கெங்கம்மாள் பின் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். வாத்தியார் ஏற்றத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கியிருந்தார். சொன்ன வார்த்தையைத் திரும்ப அள்ளிக்கொள்ள முடியாதா என்று அவளுக்கு இருந்தது.

பள்ளிக்கூடத்தில் பத்து மணி ஆயிற்று, மணி அடிக்கவில்லை. பிள்ளைகள் வெறும் மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பரீட்சையைப் பார்வையிட வந்திருந்த அதிகாரி வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார். புளி விற்கச் சந்தைக்குப் போக மனமில்லாமல் கெங்கம்மாள் பள்ளிக்கூடத்துப் பலா மரத்தடியில் குந்தியிருந்தாள்.

வெயில் ஏறிய பிறகுதான் பஞ்சாட்சரம் வந்து சேர்ந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"வாய்யா, வா! பஸ்ஸு எப்பவோ வந்துடுச்சு, நீ இன்னா ஊர்கோலமா வர்றே?" அதிகாரி எல்லார் முன்னாலும் பிடித்துக்கொண்டார். "பஸ்ஸுல வரச்சொல்லித்தானே ஆர்டர்? இத்தினி பிள்ளைங்க காத்துக் கெடக்குது! எழுத்துல விளக்கம் குடுக்காம இன்னிக்கு நீ மலைய வுட்டு எறங்க முடியாது!"

கெங்கம்மாளுக்குத் தாங்கவில்லை. எழுந்து ஓடி வந்தாள்.

"ஐயா, அவரு மேல தப்பில்லீங்க…"

பஞ்சாட்சரம் அவளை முன்பின் பார்த்தறியாதவர் போலப் பார்த்தார். யாருக்கும் தெரியாமல் லேசாகத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. அவளுக்குச் செல்லம்மாவின் பேப்பர் நினைவுக்கு வந்தது. கெங்கம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கேக்குறேன் இல்ல? ஏன்யா பஸ்ஸுல வரல?"

பஞ்சாட்சரம் முத்திரை கலையாத பையை மேசை மேல் வைத்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பஸ்ஸுல எடம் இல்லீங்க சார்."