முத்திரை குத்திய குவியல்

"கூடையெல்லாம் கவிழ்க்கச் சொல்லு. மடியையும் அவிழ்த்துக் காட்டச் சொல்லு. ஒருத்தரும் நகரக் கூடாது!"

உப்பு இன்ஸ்பெக்டர் பக்தவச்சலம் கத்தியதும், உப்புக் கூடையோடு வரப்பில் வந்துகொண்டிருந்த பெண்கள் அப்படியே நின்றார்கள். மேஸ்திரி அப்பாவு முண்டாசை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டான்.

எண்ணூர் உப்பளத்தில், குவித்த உப்பைச் சுற்றிலும் மரக்கட்டையால் முத்திரை குத்தி வைப்பது சர்க்கார் வழக்கம். முத்திரை கலைந்தால் திருட்டு. இன்று காலை ஒரு முத்திரை கலைந்திருந்தது. அந்த இடத்தில் ஒரு சட்டி அளவுக்குப் பள்ளம்.

"ரெண்டு பிடிதான் போயிருக்கும் சார்," என்றான் அப்பாவு.

"ரெண்டு பிடின்னா என்ன, ரெண்டு மூட்டைன்னா என்ன? ஜெயில் ஒண்ணுதான். ஆரம்பி."

அப்போது குவியலுக்குப் பின்னாலிருந்து மஜீது வந்தான்.

"நான்தான் சார் கலைச்சது. சறுக்கினேன்."

"என்ன செய்தே?"

"சறுக்கினேன் சார். கால்ல பலகையைக் கட்டிக்கினு."

வரிசையில் யாரோ ஒருத்தி சிரித்துவிட்டு, அதை இருமலாக மாற்றினாள்.

"யாருய்யா இவன்?"

அப்பாவுக்குச் சொல்லவே வெட்கமாக இருந்தது. "பட்டாளத்துல இருந்தான் சார். சண்டையப்போ இத்தாலி மலையில கோவேறு கழுதை ஓட்டினான். அங்க எவனோ ஒரு வெள்ளக்காரன் இவனுக்குப் பனியில சறுக்கக் கத்துக்குடுத்துட்டான். அன்னியிலேர்ந்து இந்தப் பேஜாரு."

"சரி, இங்கே எதுக்கு வந்தான்?"

"அதான் சார் கதை. ஹார்பர்ல நல்ல வேலை. தரை மட்டமா கீதுன்னு வுட்டுட்டான். ஐஸ் பேக்டரிக்குப் போனான்."

"அங்கே ஐஸ் இருக்குமே."

"ஐஸ் கீது, சரிவு இல்ல. அப்பால ரயில்வே யார்டுல கரி அள்ளினான். அங்க சரிவு கீது..."

"கரி வழுக்காது சார்," என்றான் மஜீது. "வூட்டுலயும் உள்ள வுடல."

"கடைசியா இங்க வந்தான். பாதிச் சம்பளம். வெள்ளையா கீது, சரிவா கீது, இதுக்கு மேல இன்னா வேணும் நைனான்னான்."

முத்திரை குத்தாத குவியலில் மட்டும், அதுவும் வேலை முடிந்த பிறகு சறுக்கலாம் என்று அப்பாவு விட்டுக்கொடுத்திருந்தான். அதற்கே கூடை சுமக்கும் பூவம்மா மஜீதைக் காணும்போதெல்லாம் ஏசுவாள். "நாங்க தலையில சுமந்து கொட்டறோம், இந்தப் பேமானி காலால மிதிச்சு ஆட்டம் போடறான்!" இன்று அவளும் பேசவில்லை. இன்ஸ்பெக்டர் முன்னால் யார் பேசுவார்கள்?

"சறுக்கினா கோடு விழும். பள்ளம் எப்படி விழும்?"

"விழுந்துட்டேன் சார். உக்காந்த எடம் அது."

இன்ஸ்பெக்டர் பள்ளத்தைப் பார்த்தார். மஜீதைத் திரும்பி நிற்கச் சொல்லிப் பார்த்தார். இரண்டுக்கும் அளவில் பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை.

"சறுக்கிக் காட்டு."

"பலகை மேஸ்திரி வூட்டுல கீது சார்."

அப்பாவு ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். மஜீது அவனையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்பாவு போய் எடுத்துவந்தான்.

பழைய பீப்பாயிலிருந்து பிரித்த, நுனி வளைந்த இரண்டு பலகைகள். மஜீது அடியில் மெழுகுவத்தியைத் தேய்த்தான். உச்சியில் ஏறி நின்று, சைக்கிள் டியூபால் பாதத்தோடு இறுக்கிக் கட்டினான். முழங்காலை மடக்கினான். அவ்வளவுதான். சரசரவென்று ஒரு சத்தம். கலைந்த முத்திரையின் மேலாகவே இறங்கி, இன்ஸ்பெக்டரின் பூட்ஸுக்கு எதிரே வந்து நின்றான். பள்ளம் தூர்ந்துபோயிருந்தது.



"வெயில் கண்ணை அடிச்சுது. சரியாத் தெரியல," என்றார் இன்ஸ்பெக்டர். "இன்னொரு தரம்."

மஜீது ஏறிச் சறுக்கினான். அதற்குப் பிறகும் ஒரு தரம் சந்தேகம் வந்தது.

"திருட்டு இல்லை," என்றார் கடைசியில். "ஆனா சர்க்கார் முத்திரையோட விளையாடினவன் இனி இந்த அளத்துல கால் வைக்கக் கூடாது. சுத்துவட்டாரத்துல எந்த அளத்துலயும் இவனைச் சேர்க்கக் கூடாது. நான் சொல்லிடறேன்."

"சரிங்க சார்," என்றான் மஜீது.

சைக்கிளில் ஏறிய இன்ஸ்பெக்டர் குவியலை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் அப்பாவு பாய்ந்துவந்தான். "ஏன்டா கஸ்மாலம், மொதலாளி கண்ணுல படப்போவுதுன்னு பலகையைப் போன வாரமே உன்கிட்டேர்ந்து புடுங்கி என் வூட்டுப் பரண் மேல போட்டேனே! நேத்து ராவு எதுலடா சறுக்கினே?"

மஜீது குனிந்து டியூபை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"முத்திரை குத்தினதுதான் நல்லா ஓடுது நைனா. கெட்டியா கீது."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுடா."

"தண்டையார்பேட்டைல சிமெண்டு குடோனுக்கு ஆள் எடுக்கறாங்களாம்."

"அங்க குவியல் கீதா?"

"மூட்டை," என்றான் மஜீது. பலகைகளைத் தோளில் வைத்துக்கொண்டு ரயிலடிப் பக்கம் நடந்தான்.

அப்பாவு முண்டாசைக் கட்டிக்கொண்டு பெண்களை அதட்டினான். எல்லாரும் கூடையைத் தூக்கினார்கள். பூவம்மா மட்டும் கூடையைக் கீழேயே விட்டுவிட்டுக் குவியலிடம் போனாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, அதிலிருந்த உப்பைக் குவியலில் கொட்டி, உள்ளங்கையால் தட்டிவிட்டு வந்தாள்.